கறியில்லாத வலீமா கூடுமா?

நிக்காஹ் பேசி முடிந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது மண்டபம் தேடுவதுதான். முன்பணம் கொடுத்த பிறகே அங்கே என்ன சமைக்கலாம் என்று விசாரிக்கிறோம். "இங்கே அசைவம் கூடாது" என்று மண்டபத்துக்காரர் சொன்னதும் வீட்டில் குழப்பம் எழுகிறது. "கறி இல்லாமல் ஒரு வலீமாவா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்கிறார் ஒருவர். "வெளியே பிரியாணி சமைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து விடலாமே!" என்கிறார் மற்றவர். இது வெறும் சமையல் விஷயமா? ஒரு முஸ்லிமின் வாக்கல்லவா இதில் அடங்கியிருக்கிறது!

முதலில், வலீமாவுக்குக் கறி கட்டாயமா என்று பார்ப்போம். ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமாக் கொடுக்கும்படி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் நாயகம் (ஸல்) அவர்களின் செயலையும் பார்க்க வேண்டுமல்லவா? ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது, தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோதோ மதீனாவில், வீட்டில், ஆடு அறுத்து ரொட்டியும் இறைச்சியும் வழங்கினார்கள். வழியில் தங்கிய இடத்தில் கிடைத்தது அங்கே விருந்தானது. வீட்டில் இயன்றது இங்கே விருந்தானது. இரண்டிலும் ஸுன்னத் நிறைவேறியது.

ஆகவே இடத்திற்கேற்ப உணவை அமைப்பதில் குறையில்லை. நெய்ச்சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் இனிப்பும் வைத்தாலும் அது வலீமாதான். ஆனால் ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறிக் கறியை உள்ளே கொண்டுவருவது கூடாது. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. அறுத்தது ஹலால், உள்ளே கொண்டுவந்த வழி ஹலாலா? வாக்கு மீறித்தான் ஒரு குடும்ப வாழ்வு தொடங்க வேண்டுமா? கறி வேண்டுமென்றால் பள்ளிவாசலையொட்டிய ஷாதி மஹாலையோ, மதரஸா வளாகத்தையோ, வீட்டுக் கொல்லையில் ஒரு பந்தலையோ தேர்ந்துகொள்ளலாமே!

இடம் தீர்மானிக்க வேண்டியவை வேறும் உண்டு. தம் பிரியாணி சட்டியைத் திறந்ததும் பரிமாற வேண்டியது. எங்கோ சமைத்துப் பல மணி நேரம் அரைச்சூட்டில் வைத்தால் கெட்டுவிடும். விருந்தாளியின் உடல்நலம் நம்மிடம் அமானத்! பாய் விரிக்க இடமில்லாத கூடத்தில் ஸஹன் சாப்பாடு ஒத்துவராது. உட்கார வசதியின்றி முதியவர்களைத் தட்டேந்தி நிற்க வைப்பது விருந்தோம்பலாகாது. இடம் சிறியதா? கூட்டம் கூட்டமாக அழையுங்கள். ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் மக்கள் அப்படித்தான் வந்து உண்டு சென்றார்கள். உண்டபின் சிலர் பேச்சில் மூழ்கி அமர்ந்துவிட்டபோதுதான், சாப்பிட்டதும் கலைந்து செல்லுமாறு அல்அஹ்ஸாப் 53-ஆம் வசனம் இறங்கியது. ஆக, இடத்தின் அளவறிந்து நடப்பது விருந்தாளிக்கும் கடமை.

ஆனால் இடம் தீர்மானிக்கக் கூடாத ஒன்று உண்டு. அது நம் பகட்டு. "இவ்வளவு பெரிய மண்டபத்தில் பிரியாணியும் தால்ச்சாவும் மட்டுமா?" என்று கேட்டு, மண்டபத்தின் விளக்குகளுக்காக நான்கு பதார்த்தங்களைக் கூட்டுகிறோம். அதற்குக் கடன் வாங்குகிறோம். போதாததைப் பெண்ணைப் பெற்றவர் தலையில் சுமத்துகிறோம். வலீமா மணமகன் கொடுக்க வேண்டிய விருந்தல்லவா? மீந்த சோறோ குப்பையில்! செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்ற ஹதீஸை நாம் அறிவோம். அழைப்புக் கொடுத்தும், உள்ளே வரக் கூச்சப்பட்டு ஏழை அண்டைவீட்டார் வாசலிலேயே திரும்பிப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அதுவும் அவரை விட்டுவிட்டதற்கு ஒப்பாகாதா?

அன்புச் சகோதரர்களே! வரிசையைத் திருத்திக்கொள்வோம். கடனில்லாமல் கையில் உள்ளது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஏழை உறவினரையும் அண்டைவீட்டாரையும் சேர்த்து விருந்தாளிகளை எண்ணுங்கள். பிறகு இடம் பாருங்கள். முன்பணம் கொடுக்குமுன் நிபந்தனைகளைக் கேளுங்கள். உணவு கடைசியில்தான்.

நம் விருந்துகளை வாக்குத் தவறாத, வீண்விரயமில்லாத விருந்துகளாக ஆக்கி, அவற்றில் பரக்கத்தைப் பொழிய வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.