சராசரியும் நீதியும்

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். அவற்றிற் பயிலும் மாணவர் ஏறக்குறைய 40 இலட்சம். கற்பிக்கும் ஆசிரியரோ 2 இலட்சத்துக்கும் அதிகம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குப் பதினேழு, பதினெட்டு மாணவரே வருவர். செல்வம் மிகுந்த நாடுகளுக்கு முன்னும் தலைநிமிர்ந்து காட்டத்தக்க கணக்கு இது. அவ்வாறாயின், ஆசிரியர் பற்றாக்குறை என்னும் குரல் ஏன் ஓயவில்லை?

கொழும்பிலே பெயர்பெற்ற பாடசாலைகளின் வகுப்பறைகளில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கின்றனர். மறுபுறத்தில், நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் மாணவர் தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. மலையகத்திலோ தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பாரின்மை பல்லாண்டுகளாகத் தொடரும் குறை. இவை யாவும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. சராசரியிலே நீதி நிலவினால் அது நீதியாகுமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

ஆசிரியர் பங்கிட்டளிக்கும் பொருள் யாது? பாடநூலன்று; அதனை அரசு இலவசமாகவே தருகின்றது. அவர் அளிப்பது தமது கவனம். நாற்பது நிமிடப் பாடவேளையை நாற்பத்தைந்து மாணவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு நிமிடமும் தேறாது. ஒரு கட்டுரையைத் திருத்த ஐந்து நிமிடம் எனக் கொண்டாலும், ஒரு வகுப்பின் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டியிருக்கும். எனவே கவனம் சமமாகப் பகிரப்படுவதில்லை. கையை உயர்த்துபவனுக்கு அது கிடைக்கின்றது. கடைசி வாங்கில் மௌனமாயிருப்பவனுக்குக் கிடைப்பதில்லை.

அந்த மௌனப் பிள்ளை யார்? கொட்டாஞ்சேனை முடுக்கொன்றில், ஒற்றை அறையில் ஐவர் ஆறுபேருடன் வாழ்பவன். துறைமுகத்திலோ ஐந்துலாம்புச் சந்திக் கடையொன்றிலோ உழைத்துக் களைத்து வரும் தந்தையிடம் பாடத்தில் ஐயம் கேட்க இயலாதவன். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை, வகுப்பிலே இழந்ததை மாலையில் ரியூசனுக்குப் பணங்கொடுத்து மீட்டுக்கொள்கின்றான். ஆகவே பெருவகுப்பின் தீமை எல்லோரையும் ஒருங்கே தாக்குவதில்லை. அது வர்க்கம் பார்த்தே தாக்குகின்றது. 1945 ஒக்ரோபர் 1ஆந் திகதி கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலை வாயிலில் கட்டணத்தை ஒழித்தது. அக்கட்டணம் இன்று வேறொரு வாயிலில் அறவிடப்படுகின்றது.

சிறு பாடசாலைகளை மூடிவிட்டால் ஆசிரியர் மிஞ்சுவர் என்று சிலர் யோசனை கூறுவர். சிக்கனக் கணக்கில் அது சரியெனத் தோன்றலாம். ஆனால் தோட்டத்தின் உச்சிப் பிரிவிலிருந்து ஏழு வயதுச் சிறுமி நாள்தோறும் எத்தனை மைல் நடப்பாள்? பேருந்து வராத நாளில் அவளுடைய கல்வி என்னாகும்? அதே வேளையில், ஐந்து வகுப்புகளை ஓராசிரியர் தனித்து நடத்தும் பாடசாலையைச் சமத்துவத்தின் சின்னமாகப் போற்றுவதும் ஏமாற்றே. மாற்று வசதியும் போக்குவரத்தும் உறுதியாகாத இடத்தில் மூடுவது அநீதி. திறந்து வைத்துவிட்டு ஆசிரியரை அனுப்பாமலிருப்பதும் அநீதி.

பெற்றோரின் பேராசையே பெருவகுப்புக்குக் காரணம் என்பாரும் உளர். ஜம்பட்டா வீதித் தாயொருத்தி தன் பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் இடந்தேடி அலைவது பேராசையா? அருகிலுள்ள பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்பதை அவள் அறிவாள். அவளுடைய செயலில் நியாயமுண்டு. ஆயினும், அத்தகைய ஆயிரம் நியாயங்கள் திரளும்போது ஒரு பாடசாலை நிரம்பி வழிகின்றது, இன்னொன்று வெறுமையாகின்றது. தனித்தனியே குற்றமற்ற செயல்கள் கூடி ஒரு பொதுத் தீமையை விளைவிக்குமிடத்து, தனிமனிதனைப் பழிப்பது பயனற்றது. தெரிவு செய்யுமாறு அவனை நெருக்கும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1970களிலே தோட்டப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வரலாயின. கட்டணம் நீங்கியது; உடைமையும் மாறியது. ஆசிரியரை நீதியாகப் பகிரும் மூன்றாம் படியிலேதான் தேசம் தயங்கி நிற்கின்றது. ஏறத்தாழ நானூறு தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் நேரடி ஆளுகையில் இருக்க, எஞ்சியவை மாகாணங்களின் மெலிந்த கருவூலங்களை நம்பியிருப்பதும் இத்தயக்கத்தின் ஒரு வடிவமே.

இதில் ஆசிரிய சமூகத்துக்கும் பங்குண்டு. பின்தங்கிய பிரதேசத்துக்கு இடமாற்றம் என்றதும் செல்வாக்குள்ளோரின் சிபாரிசுக் கடிதம் தேடும் வழக்கத்தை நாம் உரிமையென்று அழைத்தல் தகாது. அதேபோல, தங்க வீடும் போக்குவரத்தும் போதிய வேதனமும் அளிக்காது தியாகத்தை மட்டும் கோரும் அரசும் தன் கடமையைச் செய்ததாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழி திறக்கப்பட்டது. வாழ்வு கட்டுப்படியாகாத தொழிலில் மனிதரைத் தருமோபதேசத்தால் நிறுத்திவைக்க முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே, ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு வகுப்பின் அளவையும், ஆசிரியப் பங்கீட்டையும் தம் போராட்டத்தின் பொருளாக்க வேண்டும். அமைச்சிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கு நாட்டின் சராசரியன்று. இன்று காலை எத்தனை வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லை, அவை எந்தெந்த ஊர்களில், அங்கிருப்போர் யாருடைய பிள்ளைகள் என்ற கணக்கையே வலயம் வலயமாகக் கேட்போம்.