கேட்டுத் தெரிஞ்சுக்க வயசா?

வேலைக்கு உதவாததைப் படிக்கிறது நேர விரயமா? எனக்கு உ.வே.சாமிநாதையர் ஞாபகம்தான் வரும். 1880-ல் அவருக்கு 25 வயசு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டார். படிச்சதில்லை. படிக்க எடுத்தால் சமண விஷயங்கள் புரியலை. சைவ நூல்களில் ஊறியவர், உள்ளூர்ச் சமணர்களைத் தேடிப்போய்ப் பாடம் கேட்டார். (பக்கத்திலேயே சுவாமிமலை, அப்பன் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஊர்!) சம்பளத்துக்கு இது தேவையே இல்லை. வகுப்பும் எடுத்துக்கிட்டே உழைச்சு, 1887-ல் அச்சிட்டார்.

நேரம்கூடக் கிடைச்சிடும். ஆசிரியரா இருக்கிறவர் மாணவரா உட்காரணுமே, அதுதான் கஷ்டம்னு தோணுது. நான் இப்ப ராத்திரி அரைமணி நேரம் செஸ் கத்துக்கிறேன். சொல்லித்தர்றது பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன், நல்லாவே திட்டுறான்.