இரு கைப்பிடிக் கிண்ணம்

ஜப்பானிலிருந்து திரும்பிய அடுத்த வாரம், சைவ சித்தாந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா கேட்டார்: "அங்க மலை, கோட்டை, கடல் எல்லாமே சிமெண்டுதானேம்மா? மாயைன்னு தெரிஞ்சே அதுக்குள்ள போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தீங்களா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. இரண்டு வருடமாகப் பதி, பசு, பாசம் என்று சேர்ந்து படிக்கிறோம், அந்த உரிமையில் கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்த பிறகு வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன தை மாதம் என் கணவருக்கு எழுபது முடிந்தது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்தோம். மகன் தோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறான். நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம் அது. சித்திரையில் அங்கே போனபோது, "அப்பாவுக்கு என் பங்கா இது" என்று சொல்லி, தோக்கியோ டிஸ்னி சீ பூங்காவுக்குள் இருக்கும் மிராகோஸ்டா ஹோட்டலில் ஒரு இரவுக்கு அறை போட்டிருந்தான். ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே. அவனும் மருமகளும் வரவில்லை. "நீங்க ரெண்டு பேர் மட்டும்" என்றான். எவ்வளவு ஆனது என்று கடைசி வரை சொல்லவில்லை.

நான் வேண்டாம் என்றேன். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியே தங்கியதெல்லாம் கோயிலுக்காக, கல்யாணத்துக்காக, ஒருமுறை ஆஸ்பத்திரிக்காக. சும்மா இன்பமாக இருக்கவென்று ஓர் அறை எடுப்பது என் மனக்கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு யாராவது பரிமாறினால் உட்கார முடியாது. மாமியார் இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போனதில்லை. இலை போட்டு, கடைசி ஆள் மோர் சாதம் முடித்துக் கை கழுவின பிறகுதான் என் பசி எனக்குத் தெரியும். பிறரிடம் வாங்கிக்கொள்வது இழிவு என்று ஆத்திசூடி வயதிலேயே பதிந்துபோன மனசு.

அவருக்கு இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. காபி டம்ளரை நான்தான் பாதி நிரப்பி வாயருகே கொண்டுபோவேன். சட்டைப் பொத்தானும் நான்தான். அவர் எதையாவது ஊற்றப் போனால் ஓடிப்போய்க் கையிலிருந்து வாங்கிவிடுவேன். இதை அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பூங்காவும் ஹோட்டலும் 2001 செப்டம்பர் 4ஆம் தேதி ஒன்றாகத் திறக்கப்பட்டவை. ஹோட்டலின் முகப்பே பூங்காவின் துறைமுகத் தெரு. இத்தாலியக் கடற்கரை ஊர் மாதிரி கட்டியிருக்கிறார்கள். மஞ்சளும் காவியும் பூசிய சுவர்கள், பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, ஜன்னல்களில் சில வரைந்தவை. நிழல்கூடத் தூரிகை போட்ட நிழல். எதிரே 51 மீட்டர் உயரத்தில் புரொமிதியஸ் என்று ஓர் எரிமலை, அவ்வப்போது உறுமி நெருப்புக் கக்குகிறது. அவர் பொதுப்பணித்துறையில் கொள்ளிடக் கரையிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவர். துறைமுகத்தின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு நெடுநேரம் முகப்பைப் பார்த்தார். "இதுல நம்ம ஜன்னல் எதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். நான் காட்டியது வரைந்த ஜன்னல்.

அக்காவின் கேள்வி அங்கேயே எனக்குள் எழுந்துவிட்டது. இது பொய்தானே? பொய்யைப் பார்த்து மகிழ்வது தவறில்லையா?

ஆனால் நான் வளர்ந்த ஊர் தஞ்சாவூர். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த விமானத்துக்குத் தட்சிணமேரு என்று பெயர். தெற்கே கட்டிய ஒரு மலை. அது மேரு இல்லை, கல் மேல் கல் அடுக்கியது என்று அவனுக்கும் தெரியும், அதைச் சுமந்தவர்களுக்கும் தெரியும். கும்பகோணத்துக் கோபுரங்களில் சுதையில் செய்து வண்ணம் பூசிய துவாரபாலகர்களைப் பார்த்துத்தான் தினம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பும் மணலும் என்பதால் என் கும்பிடு பொய்யாகிவிடவில்லை. கோயிலும் கேளிக்கைப் பூங்காவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கோயில் அதன் வழியே வேறொன்றைக் காட்ட நிற்கிறது, பூங்கா தன்னையே காட்ட நிற்கிறது. அந்த வித்தியாசம் பெரியது. ஆனால், செய்யப்பட்டது என்பதாலேயே ஒன்று பொய் என்று தள்ளும் வழக்கம் நம்முடையது இல்லை.

சித்தாந்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. உலகம் வெறும் தோற்றம், கயிற்றில் தெரியும் பாம்பு என்று சொல்பவர்கள் வேறு மரபினர். நமக்கு மாயை உள்பொருள். அழியாதது. உலகப் பொருள்கள் எல்லாம் அதிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்குகின்றன. ஆணவ இருளில் ஒன்றுமறியாமல் கிடக்கும் உயிருக்கு இரங்கி, இறைவன் அந்த மாயையிலிருந்து நான்கைச் செய்து தருகிறான்: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, அறியும் கருவிகள், வாழும் இடம், நுகரும் பொருள்கள். உமாபதி சிவம் நூறே குறளில் செய்த திருவருட்பயனில் மாயையை விடியும் வரைக்குமான விளக்குக்கு ஒப்பிடுகிறார். விளக்கு சூரியன் ஆகாது. ஆனாலும் இருட்டில் இருப்பவனுக்கு அதுதான் வழி. விளக்கைச் சூரியன் என்று கொண்டாடுவதும் பிழை, சூரியன் இல்லை என்று ஊதி அணைப்பதும் பிழை.

வகுப்பில் இந்த நான்கையும் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். நான்காவதான போகம் என்ற சொல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன், அது மற்றவர்களுக்கு என்பதுபோல. அருளோடு தரப்பட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாடு பெல்லாவிஸ்டா லவுஞ்ச் என்ற இத்தாலிய உணவகத்தில். பெரிய கண்ணாடிக்கு வெளியே துறைமுகமும் எரிமலையும். கறி, மீன், முட்டை கூடாது, மீன் வேகவைத்த தண்ணீரும் கூடாது என்று மகன் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைத்திருந்தான். ஜப்பானில் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாவிட்டால் வெறும் காய்கறி என்று வருவதில்கூட மீன்சாறு இருக்கும். பரிமாறிய பெண்ணுக்கு என் மருமகள் வயது இருக்கும். முதலில் வந்தது தோல் உரித்த குட்டித் தக்காளிகள், மேலே ஏதோ இலையின் பச்சை எண்ணெய் நாலு சொட்டு. அவர் முள்கரண்டியால் ஒன்றைக் குத்தப் போனார். கை நடுங்கித் தட்டில் டிணுடிணுவென்று சத்தம். தக்காளி உருண்டது. நான் வழக்கப்படி எழுந்து கரண்டியை வாங்கப் போனேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது சூப். அதற்கென்று அகலமான கரண்டிகள் ஏற்கெனவே மேசையில் இருந்தன. அந்தப் பெண் வந்து, ஒன்றும் சொல்லாமல், அவர் பக்கத்துக் கரண்டியையும் என் பக்கத்துக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். பச்சைப் பட்டாணி சூப் வந்தபோது அகலத் தட்டில் வரவில்லை. இரண்டு பக்கமும் காது வைத்த வெள்ளைக் கிண்ணத்தில், பாதியளவு மட்டும். அவருக்கு ஒன்று, எனக்கும் அதேபோல் ஒன்று. முதலில் என் முன்னால் வைத்துவிட்டு, பிறகுதான் அவர் முன்னால் வைத்தார். அவர் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. குடித்து முடித்ததும் மீதிப் பாதியைச் சூடாகக் கொண்டுவந்து ஊற்றினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக நான் செய்வதைத்தான் அந்தப் பெண்ணும் செய்தார். டம்ளரைப் பாதி நிரப்புவது நான் கண்டுபிடித்த வழிதான். ஆனால் நான் செய்யும்போது அவர் நோயாளி. அந்த மேசையில் அவர் சூப் குடிக்கும் ஒரு மனிதர். எனக்கும் அதே கிண்ணம் என்பதில்தான் விஷயம் இருந்தது.

காசு வாங்கிக்கொண்டு செய்கிற உபசாரம்தானே, அது எப்படி விருந்தோம்பல் ஆகும் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது அவர் மடித்து வைத்திருந்த நோட்டை நீட்டினார். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமில்லை. அந்தப் பெண் இரண்டு கையையும் முன்னால் கோத்துக் குனிந்து மறுத்துவிட்டார். சம்பளத்துக்குப் பரிமாறலாம். இன்னொரு மேசைக்குப் போகும் வழியில் ஒரு கிழவரின் கை நடுக்கத்தைப் பார்ப்பதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் கிடையாது.

இதை மகனிடம் சொன்னபோது அவன் ஒன்று சொன்னான். 2011 மார்ச் 11ஆம் தேதி மதியம் 2.46க்குப் பெரிய பூகம்பம் வந்தபோது, அங்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பூங்காக்களிலும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். பணியாளர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக வேலை பார்க்கும் இளவயதுக்காரர்கள். கடையில் விற்க வைத்திருந்த பஞ்சுப் பொம்மைகளை எடுத்துக் கொடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். விற்பனைக்கு இருந்த தின்பண்டங்களைப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். ரயில் ஓடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். நான் அந்தப் பொம்மையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் அது காசுக்கு விற்கும் வேடிக்கைச் சாமான். மதியம் ஒரு குழந்தையின் தலைக்கு மேல் காப்பு. பஞ்சு மாறவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அந்த நிலத்தின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. அந்த ஊர் உராயாசு. ஒரு காலத்தில் மீனவர் ஊர். தோக்கியோ விரிகுடாவின் ஆழமில்லாத சேற்றில் கிளிஞ்சல் எடுத்தும் கடற்பாசி வளர்த்தும் வாழ்ந்தவர்கள். 1958இல் மேலே இருந்த காகித ஆலைக் கழிவு ஆற்றில் வந்து கடலைக் கறுப்பாக்கியது. மீனவர்கள் ஆலைக்குள் நுழைந்து போராடினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீன்பிடி உரிமையைக் கைவிட்டு, 1971இல் முழுக்க விட்டுவிட்டார்கள். கடலைத் தூர்த்து மேடாக்கி, அந்த மேட்டில் 1983இல் முதல் பூங்கா வந்தது. அப்புறம், கடலைத் தூர்த்த இடத்திலேயே ஒரு கடலைக் கட்டினார்கள்.

அந்த மண்ணைப் பற்றி இன்னொன்றை அவர்தான் சொன்னார். பூகம்பத்தின்போது ஊரின் பெரும்பகுதியில் மண் குழம்பாகித் தெருவில் பொங்கியதாம். பூங்காவின் வாகன நிறுத்துமிடமும் அப்படியே. மணலை இறுக்கி அடியில் பலப்படுத்தியிருந்த பூங்காப் பகுதி தப்பித்தது. "மண்ணுக்கு ஞாபகம் இருக்கு பாத்தியா, தான் கடலா இருந்தது" என்றார். எனக்குச் சாப்பிட்டது ஒரு கணம் நெஞ்சில் நின்றது. தரப்பட்ட போகம் என்று நான் சமாதானம் கொள்கிறேனே, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? அந்தப் படகுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இதே ஹோட்டலில் வேலை பார்க்கவும் கூடும். அதை ஈடு என்று என்னால் சொல்ல முடியாது. நம் டெல்டாவில் கடற்கரைகளை இறால் பண்ணைக்குக் கொடுத்தவர்களைப் பார்த்தவள் நான். இலையில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவரின் இழப்பு உண்டு என்பதை நினைக்காமல் சாப்பிடுவது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைத்ததும் இலையை மூடிவிட்டு எழுவது சரியா என்றால், அது சமைத்தவளை அவமதிப்பது. நன்றியோடும் அந்தக் கனத்தோடும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டியிருக்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையை விலக்கினால் எரிமலை இருட்டாகக் கிடந்தது. ஆசிரியர் வகுப்பில் சொன்ன ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. உயிரைக் கட்டும் மூன்று மலங்களில் மாயை கெட்டதில்லை, அது உதவுவது. கன்மமும் அனுபவித்தால் தீர்வது. ஒட்டிக்கொண்டு விடாதது ஆணவம். ஆணவம் என்றால் அதட்டிப் பேசுவது, பெருமையடிப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி நான் யாரிடமும் இருந்ததில்லை. ஆனால் நாற்பத்திரண்டு வருடமாகக் கொடுக்கிற இடத்திலேயே நின்றிருக்கிறேன். யாருக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. பசிக்கிறது என்றுகூட ஒருவரிடம் சொன்னதில்லை. மகன் தந்ததை வேண்டாம் என்றேன். அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினேன். உயிர் தானாக அறியாது, அறிவிக்க அறிவது, தரப் பெறுவது, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெறத் தெரியாமல் நான் யாரிடம் எதைப் பெறப் போகிறேன்? இறைவன் வந்து நின்றாலும், "நீங்க உட்காருங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றுதானே சொல்லியிருப்பேன்.

அங்கே வேலை பார்ப்பவர்கள் கடைக்காரர்கள் சொல்லும் வழக்கமான வரவேற்பைச் சொல்வதில்லை, கொன்னிச்சிவா என்றுதான் சொல்கிறார்கள் என்று மகன் விளக்கியிருந்தான். கடை வரவேற்புக்கு வருகிறவர் பதில் சொல்ல முடியாதாம். கொன்னிச்சிவாவுக்குத் திருப்பிச் சொல்லலாம். முதல் நாள் முழுக்க நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனேன். மறுநாள் காலை நடைகூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தி, நிமிர்ந்து சிரித்தார்.

அறைக்குத் திரும்பினால், அவர் எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். மேசைமேல் இரண்டு கோப்பை, இரண்டிலும் பச்சைத் தேயிலைப் பை. கெட்டிலைத் தூக்கினார். மூக்கு கோப்பையின் விளிம்பில் படபடவென்று தட்டியது. என் கால் தானாக ஓரடி முன்னால் போனது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டில் கொஞ்சம் சிந்தியது, கோப்பையில் நிறையவே விழுந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"சூடா இருக்கு. பாத்துக் குடி."

குடித்தேன்.