வீடு எந்தக் கரையில் நிற்கிறது?

எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? 2012-இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம் இந்தக் கேள்வியை மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியின் முன் வைத்தது. போரில் வீடிழந்தவர்களில் தெரிவான குடும்பத்துக்கு 550,000 இலங்கை ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் வந்தது. வீட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள். நல்ல திட்டம்தான், ஓலைக் கொட்டிலில் மழையை எண்ணிப் பயந்த பலருக்குக் கல்வீடு கிடைத்தது.

ஆனால் செங்கலடி அடங்கிய ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவு ஒரே மாதிரியான நிலம் கிடையாது. செங்கலடிச் சந்தியிலிருந்து பிரதான வீதியில் போனால் வந்தாறுமூலையும் கிழக்குப் பல்கலைக்கழகமும் வருகின்றன. வங்கி, வைத்தியசாலை, புகையிரதம் எல்லாம் அந்தப் பக்கம். பதுளை வீதியில் திரும்பினால் கறுத்தப் பாலம், இலுப்படிச்சேனை, கரடியனாறு, புல்லுமலை. போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் அந்தப் பாலந்தான் அரசு, புலிகள் என்ற இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே எல்லையாக இருந்தது. சோதனைச் சாவடி போய்விட்டது; எல்லை வேறு வடிவில் இன்னும் இருக்கிறது. காட்டோரத்துக்குச் சீமெந்தும் கம்பியும் கொண்டுபோக லொறிக் கூலி கூட. மேசனும் ஊரில் கிடைப்பது அரிது. அதே தொகையில் அங்கே எழும் சுவர் பூச்சுக் காணாமல் நின்றுவிடுகிறது, அல்லது கடனில் முடிகிறது. அந்தக் கடனை வாரா வாரம் கட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்.

இந்த ஏற்றத்தாழ்வு புதியதும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு களுவன்கேணி, சவுக்கடிப் பக்கத்துக் கரையோரங்களுக்கு உலகத்தின் உதவி வந்தது. அது வரவேண்டியதே. அதே காலத்தில், பல ஆண்டுப் போரில் எல்லாவற்றையும் இழந்த உட்பகுதிக் குடும்பங்கள் கிடுகுக்கும் தகரத்துக்கும் கீழே இருந்தன. 2007-இல் மறுபடியும் இடம்பெயர்ந்து மீண்டவர்களும் அவர்களில் உண்டு. கடல் எடுத்த வீட்டுக்குக் கிடைத்த இரக்கம், துவக்கு எடுத்த வீட்டுக்கு ஏன் அவ்வளவு மெதுவாகக் கிடைத்தது? இழப்பைக் காரணம் பார்த்து அளப்பது அறமாகாது.

சுவர் எழுந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்குகிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடங்களைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே மாற்றம் கிடைத்த ஆசிரியர் நகரத்திலிருந்தே வந்து போகிறார். கடைசி மணியோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். அவரைக் குறை சொல்வது எளிது. தங்குவதற்கு விடுதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயல்காரர் பாடும் அப்படித்தான்: அறுவடை முடிந்து நெல் மூடையை வீட்டில் வைத்தால் யானை வந்து சுவரை இடிக்கும். அதனால் விலை ஏறும்வரை காத்திருக்க முடியாமல் உடனே விற்கிறார்கள். அந்த நெல்லும் அங்கே அள்ளும் ஆற்று மணலும் கடலோரப் பக்கமான எழுவான்கரைக்குத்தான் போகின்றன. மணல் டிப்பர் உடைத்த வீதி மட்டும் அவர்களுக்கு மிஞ்சுகிறது.

மட்டக்களப்பில் வீடு நிற்கும் இடத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே வீடு நிற்கும் இடமே பெண்ணின் மதிப்பாகிவிடுகிறது. யானைப் பயமுள்ள, பஸ் வராத ஊரில் எவ்வளவு நல்ல கல்வீடு இருந்தாலும் வெளியூர் வரன் தயங்கும். அரச காணிச் சட்டமோ நெடுங்காலம் எதிர்த்திசையில் நின்றது. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் குறிக்கப்படாதபோது அனுமதிப்பத்திரக் காணி பிள்ளைகளுள் முதலில் ஆண் பிள்ளைக்கே போனது. 2022-இல்தான் அது திருத்தப்பட்டது.

ஒதுக்குப்புற ஊர்களுக்குக் கூடுதலாகச் செய்வதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிதறிய ஊர்களுக்கெல்லாம் வீதியும் வைத்தியரும் கொண்டுபோகப் பணம் எங்கே? மக்களைப் பிரதான வீதியோரம் குடியேற்றினால் குறைந்த செலவில் எல்லாம் கிடைக்குமே? பொருளாதாரம் நொடித்த நாட்டில் இது நியாயமான கணக்கு. விரும்பி வருகிறவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவே வேண்டும். ஆனால் வேளாண்மையும் மாடும் கோயிலும் அங்கே இருக்க, வளவை மட்டும் பெயர்த்து வைப்பது வாழ்வைப் பெயர்ப்பதாகாது. சுனாமிக்குப் பின் கடலோர மீனவரைத் தூரத்தில் குடியேற்றியபோது தொழில் பட்ட பாட்டைக் கிழக்கு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அதோடு, ஊர் ஒதுங்கிக் கிடந்ததற்குப் போரும் பல பத்தாண்டுப் புறக்கணிப்பும் பெரிய காரணம். புறக்கணித்தவர்கள் அந்தத் தூரத்தையே காரணம் காட்டி இன்னொரு முறை மறுப்பது அநீதி.

அடுத்த வீட்டுத்திட்டப் பட்டியல் பிரதேச செயலகத்தில் தயாராகும்போது, எத்தனை வீடு என்ற கணக்கோடு கோப்பை மூடிவிடாதீர்கள். லொறிக் கூலிக்கேற்பக் கூடுதல் தொகை, யானைவேலி, ஆசிரியர் விடுதி, காலையிலும் மாலையிலும் ஒரு பஸ் ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டையும் அதே கோப்பில் எழுதுங்கள்.