கோழி வறுவலும் கோப்பையும்

2011 செப்டம்பர் தொடக்கத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, பின்னால் துரத்திவந்த டாம்பா பே அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அந்த மாதம் ஆடிய 27 ஆட்டங்களில் 20-ல் தோற்று, பிளே-ஆஃப் வாய்ப்பையே பறிகொடுத்தது. இரண்டு கோப்பைகள் வாங்கித் தந்த மேனேஜர் டெரி ஃபிராங்கோனா பதவியை இழந்தார்.

அடுத்து ‘பாஸ்டன் குளோப்’ ஒரு செய்தி வெளியிட்டது. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வேலை. அப்படி முறை வராத நாட்களில் ஜோஷ் பெக்கெட், ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி ஆகியோர் டிரெஸ்ஸிங் ரூமில் கோழி வறுவலும் பீருமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊர் கொதித்தது. அணியின் பண்பாடே அழுகிவிட்டது என்றார்கள்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இதே அணி 2004-ல், 86 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்றது. அப்போது ஆட்டத்துக்கு முன் விஸ்கியை ஆளுக்கொரு வாய் சுற்றிக் கொடுத்ததாக அணி வீரர் கெவின் மில்லர் சொன்னதை, தோழமையின் அடையாளமாக ரசிகர்கள் கொண்டாடினார்கள். வென்றவன் குடித்தால் தோழமை, தோற்றவன் குடித்தால் ஒழுக்கக்கேடா? தத்துவவாதிகளான பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் கிளப்பிய சிக்கல் இதுதான்: ஒருவரின் நடத்தைக்கு நாம் தரும் மதிப்பெண்ணை, அவர் கையில் இல்லாத அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

நிறையவே தீர்மானிக்கிறது. ஆனால் முழுவதையும் அல்ல. அந்த விஸ்கி எல்லோரும் சேர்ந்து, ஆடப்போகும் முன் குடித்தது. பீரோ, களத்தில் நிற்கும் சக வீரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தது. 20 ஆட்டங்களில் வென்றிருந்தாலும் அது தவறுதான். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவே.

2012 இன்னும் மோசம்: 69 வெற்றி, 93 தோல்வி. புது மேனேஜர் பாபி வாலன்டைன் ஒரே சீசனில் நீக்கப்பட்டார். ஆகஸ்டிலேயே பெக்கெட் உள்ளிட்ட நால்வரை, 25 கோடி டாலருக்கு மேற்பட்ட சம்பளச் சுமையோடு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பொது மேலாளர் பென் செரிங்டன் பெரிய நட்சத்திரங்களைத் தேடிப் போகவில்லை. மைக் நபோலி, ஜானி கோம்ஸ், இரண்டாம் நிலை கேட்சரான டேவிட் ராஸ் என்று அணியோடு ஒட்டி வாழக்கூடியவர்களைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் சேர்த்தார். ஜான் ஃபேரல் மேனேஜரானார்.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தன. நகரத்தின் தொலைபேசிக் குறியீடான 617 பொறித்த சட்டை ஒன்று டக்-அவுட்டில் தொங்கியது. வீரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவராகத் தாடி வளர்த்தார்கள்; ஆட்டத்தில் நன்றாக ஆடியவரின் தாடியைப் பிடித்து இழுப்பதே பாராட்டு. அக்டோபர் 30 அன்று கோப்பை பாஸ்டனுக்கு வந்தது.

அந்த இறுதித் தொடரில் பாஸ்டன் வென்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு லெஸ்டர் பேரிலும், கடைசி ஆட்டம் லாக்கி பேரிலும் பதிவாயின. ஆம், கோழி வறுவல் செய்தியில் அடிபட்ட அதே இருவர். நற்செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நல்லவராகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடைப்பது அரிது. ஆட்கள் அவர்களேதான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அங்கே எது வழக்கமாக இருந்தது என்பதுதான் மாறியிருந்தது.

அப்படியானால் நல்ல பண்பாடு கோப்பையைத் தந்துவிடுமா? நிர்வாகவியல் மேடைகளில் அப்படித்தான் விற்கிறார்கள். அது பண்பாட்டுக்குச் செய்யும் அநீதி. 2014-ல் அதே ஃபேரல், பெரும்பாலும் அதே வீரர்கள். 71 வெற்றிகளோடு பிரிவில் கடைசி இடம். கோப்பைக்காகத்தான் ஒழுங்காக இருந்தோம் என்றால், அந்த ஆண்டு எதற்காக ஒழுங்காக இருப்பது? சக ஆட்டக்காரனுக்குச் செய்ய வேண்டிய கடமை, தோற்கும்போது தள்ளுபடியாகிவிடுமா?

கோப்பை வென்ற 2013-ல் லெஸ்டர், சக வீரர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.75 ஓட்டங்கள் கொடுத்தார். அணி சரிந்துகொண்டிருந்த 2014-ல், ஜூலை 31 அன்று ஓக்லாந்துக்கு மாற்றப்படும்வரை, அவர் கொடுத்தது 2.52.