கூலி கொடுத்தால் கடன் தீருமா?

ஒருவன் தன் கால்களால் மலை ஏறுகின்றான். அவன் உண்ணும் உணவையும், உறங்கும் கூடாரத்தையும், சமைக்கும் அடுப்பையும் வேறொருவன் தன் முதுகில் சுமந்துகொண்டு அதே மலையை ஏறுகின்றான். இறங்கி வந்தபின் "நான் மலை ஏறினேன்" என்று ஊருக்குச் சொல்பவன் முன்னவனே. பின்னவனோ கூலியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றான். கூலி கொடுத்துவிட்ட காரணத்தால் இவ்விருவருக்கும் இடையே இருந்த கணக்குத் தீர்ந்துவிட்டதா? இக்கேள்வியையே நாம் இன்று ஆராய விழைகின்றோம். சுமை என்பது இன்னதென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆதலின் நேரே பொருளுக்கு வருவோம்.

தென் அமெரிக்காவில் பெரு என்னும் நாடு உளது. அந்நாட்டு ஆண்டிஸ் மலைகளின் நடுவே, ஊருபம்பா ஆற்றின் வளைவுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில் மாச்சு பிச்சு என்னும் பழநகரம் நிற்கின்றது. 15-ஆம் நூற்றாண்டில் பச்சகூட்டி என்னும் இன்காப் பேரரசன் தனக்கென அமைத்த மாளிகை நகரம் அஃது என்பது அறிஞர் பலரின் கருத்து. சுண்ணமும் சாந்துமின்றிக் கல்லோடு கல் இழைத்துப் பொருத்திய அதன் சுவர்கள், நிலநடுக்கம் மிகுந்த அம்மண்ணில் இன்றும் நிலைத்து நிற்கின்றன. 1983-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அவை அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

புகைவண்டியிலும் பேருந்திலும் சென்று அந்நகரைக் காணலாம். எனினும் இன்காக்கள் அமைத்த பழைய கற்பாதை வழியே நடந்து சென்று காண்பதே பெருமை என்று கருதுவோர் உலகெங்கும் உளர். அந்நடை பெரும்பாலும் நான்கு நாள்; தொலைவு ஏறத்தாழ 43 கிலோமீட்டர். இரண்டாம் நாளில் 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஒரு கணவாயைக் கடத்தல் வேண்டும். அங்குக் காற்று மெலிந்து, பத்தடி வைப்பதற்குள் நெஞ்சு அடைக்கும். உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி அப்பாதையில் யாரும் செல்லலாகாது என்பது சட்டம். நாளொன்றுக்கு 500 பேர் மட்டுமே புகலாம். அவர்களுள் பயணிகள் ஏறத்தாழ 200 பேர். எஞ்சிய 300 பேரும் வழிகாட்டிகள், சமையற்காரர்கள், சுமைகாரர்கள்.

இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குங்கள். இருவர் கண்டு களிப்பதற்கு மூவர் உழைக்கின்றனர்.

அம்மூவருள் பெரும்பாலோர் சுமைகாரர். மலைச் சிற்றூர்களில் உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிட்டு வாழும் கெச்சுவா மொழியினர். காலையில் பயணிகள் புறப்பட்டுச் சென்றபின், இவர்கள் கூடாரங்களைப் பிரித்து, பாத்திரங்களைக் கழுவி, மூட்டை கட்டி முதுகில் ஏற்றுவர். பின்பு கற்படிகளில் ஓட்டமும் நடையுமாகச் சென்று, முன்னே போன பயணிகளைக் கடந்து, அவர்கள் வந்து சேர்வதற்குள் அடுத்த தங்கலில் கூடாரம் அடித்து உணவும் ஆக்கி வைப்பர். பயணி களைத்து வரும்போது வெந்நீர் அவனுக்காகக் காத்திருக்கும். கழுதை, குதிரை முதலிய சுமை விலங்குகளுக்கு அந்த மலைப்பாதையில் இடமில்லை. அவற்றின் குளம்பு பட்டால் பழங்கற்கள் தேயுமென்பது கவலை. கல்லைக் காப்பது நன்றே. ஆனால் கல் தேயாமலிருக்க மனிதன் முதுகு தேயலாமா என்ற வினாவும் உடன் எழாமற் போகாது.

இந்நிலை அம்மலைக்குப் புதியதன்று. இன்காக்களிடம் இரும்புக் கருவி இல்லை; வண்டிச் சக்கரம் இல்லை; பாரமான சுமை இழுக்கும் மாடோ குதிரையோ இல்லை. லாமா என்னும் விலங்கு சிறு சுமைகளையே தாங்கும். இருந்தும் அவர்கள் மலையிலும் பாலையிலும் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைகளை வகுத்தனர். எவ்வாறு? "மித்தா" என்னும் முறையால். ஒவ்வொரு குடியும் முறை வைத்து அரசுக்கு உடலுழைப்பை வரியாகச் செலுத்தல் வேண்டும். வேலை செய்யுங் காலத்தில் அரசுக் களஞ்சியம் அவர்களுக்கு உணவளித்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1532-இல் வந்திறங்கிய ஸ்பானியர் அதே முறையின் பெயரை வைத்துக்கொண்டு, மக்களை வெள்ளிச் சுரங்கங்களிலே வதைத்தனர். ஆட்சி மாறிற்று, முதுகு மாறவில்லை.

மாச்சு பிச்சுவில் தோண்டியெடுத்த எலும்புகளைக் குறித்து 2023-இல் ஒரு மரபணு ஆராய்ச்சி வெளியாயிற்று. அங்குப் புதைக்கப்பட்டோர் அரசர்களல்லர். அரசனுக்கு ஏவல் செய்த பணிமக்கள். பேரரசின் பல திசைகளிலிருந்தும், அமேசான் காட்டு நிலத்திலிருந்துங்கூடக் கொண்டுவரப்பட்டவர்கள். தாய்மண்ணை விட்டுப் பெயர்க்கப்பட்டு, பிறர் மாளிகையில் உழைத்து, அங்கேயே மண்ணானவர்கள். பச்சகூட்டியின் பெயர் நமக்குத் தெரியும். இவர்களுள் ஒருவர் பெயரேனும் தெரியுமா?

பெயர் மறையும் கதை அத்துடன் முடியவில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் ஹைரம் பிங்ஹாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் மாச்சு பிச்சுவை அடைந்தார். "கண்டுபிடித்தவர்" என்னும் புகழ் அவரைச் சார்ந்தது. 1948-இல் அந்நகருக்கு ஏறும் மோட்டார் சாலைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆனால் அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் மெல்சோர் ஆர்டியாகா என்னும் குடியானவர். அதற்கு அவர் பெற்றது ஒரு சோல் நாணயம். மேலே சென்றபோது உழவர் குடும்பங்கள் அப்பழஞ்சுவர்களுக்கிடையே பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தன. இடிபாடுகளை அவருக்குச் சுற்றிக் காட்டியவன் அங்கு வாழ்ந்த ஒரு சிறுவன். அங்கேயே ஒரு சுவரில் லிசாராகா என்பவர் 1902 என்ற ஆண்டுடன் தம் பெயரைக் கரியால் எழுதி வைத்திருந்தார். பிங்ஹாமும் அதனைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மக்கள் குடியிருந்த இடத்தை எவ்வாறு ஒருவர் "கண்டுபிடிப்பது"? பிங்ஹாம் அந்நகரை அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார் என்றால் ஒப்புவோம். அது சிறு செயலன்று. ஆயின் அறிமுகம் வேறு, கண்டுபிடிப்பு வேறு. ஆர்டியாகாவுக்கு அந்த நாணயம் கிடைத்தது. புகழில் பங்கு கிடைக்கவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "வேலைக்குக் கூலி பேசினோம், பேசிய கூலியைக் கொடுத்தோம். இருவரும் ஒப்பியே செய்தோம். இதில் நீதி எங்கே குறைந்தது?" என்பர் சிலர். நன்று. பேசிய கூலியைக் குறையாமற் கொடுப்பதே அரிதான உலகில், அதனைக் கொடுப்பவரை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் வயிறு நிறைந்தவனும் வயிறு காய்ந்தவனும் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேரத்தில், இருவர் சம்மதமும் ஒரே தன்மையதாகுமா? முன்னவன் "வேண்டாம்" என்று எழுந்து போகலாம், பின்னவனால் இயலுமா? 2001-ஆம் ஆண்டில் பெரு அரசாங்கம் சுமைகாரர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமத்தல் ஆகாது என்று அது வரம்பு கட்டிற்று. பாதையின் தொடக்கத்தில் மூட்டைகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கமும் வந்தது. பேரமே நீதி வழங்கிவிடுமாயின், இச்சட்டத்திற்கு வேலை என்ன? சட்டம் பிறந்ததே முன்னிருந்த அநீதிக்குச் சாட்சி.

வேறு சிலர் மற்றொரு முனைக்குச் செல்வர். "பிறர் முதுகில் ஏறிப் போகும் இப்பயணமே பாவம், அதனை அடியோடு விடுவதே அறம்" என்பது அவர்கள் கூற்று. கேட்பதற்கு இனிதாயிருக்கும். ஆனால் பயணி வராதுபோனால் அச்சுமைகாரர் மகிழ்வாரா? சிறு நிலத்தின் விளைச்சலோடு, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் அவர் கையில் காசு தருவது இவ்வேலையே. அவர் வேலையைப் பறித்துவிட்டு நம் கையைக் கழுவிக்கொள்வது அறமாகாது. அது நம் மனத்தூய்மைக்கு அவரை விலை கொடுக்கச் செய்வதாகும். அவர் வேண்டுவது நம் இரக்கமன்று. தக்க கூலி, தாங்கத்தக்க சுமை, நனையாத படுக்கை, வயிறார உணவு, மனிதனுக்குரிய மதிப்பு.

அவ்வாறாயின் கடன் எங்கே நிற்கின்றது? நாம் கருதுவது இது. கூலி, உழைத்த நேரத்திற்கும் வலிமைக்கும் விலை. அந்த உழைப்பால் விளைந்த பெருமைக்கு அது விலையாகாது. வீட்டைக் கட்டியவனுக்குக் கூலி கொடுத்தவன் வீட்டுக்கு உரியவனாகலாம். "என் கையால் கட்டினேன்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு வாராது. அவ்வாறு சொல்வானாயின், கூலி கொடுத்தும் அவன் திருடனே. உழைத்தவனிடமிருந்து அவன் திருடுவது பொருளை அன்று, உண்மையை. பொருள் திருடியவனைச் சட்டம் பிடிக்கும்; உண்மையைத் திருடியவனை மனச்சாட்சி ஒன்றே பிடிக்க வல்லது.

நான்காம் நாள் விடியற்காலையில் நிகழ்வதைக் கேளுங்கள். பயணிகள் கதிரவன் வாயில் என்னும் மேட்டில் ஏறி நின்று, கீழே விரியும் பழநகரைக் கண்டு மெய்சிலிர்க்கின்றனர். அந்நேரத்தில் சுமைகாரருள் பெரும்பாலோர் அங்கில்லை. கடைசித் தங்கலைப் பிரித்துக் கட்டிக்கொண்டு, ஊர் திரும்பும் புகைவண்டியைப் பிடிக்கக் கீழ்நோக்கி விரைந்துகொண்டிருக்கின்றனர். அந்நகரை எழுப்பியவர்களின் மொழியைப் பேசும் மக்கள், அதன் வாயில்வரை சுமை கொண்டுவந்து, உள்ளே புகாது திரும்புகின்றனர்.

ஆதலின் அப்பாதையில் நடக்கச் செல்பவர், நம்மவராயினும் பிறராயினும், சிலவற்றைத் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும். தம் மூட்டையைத் தாமே நிறுத்துப் பார்த்து, வேண்டாதவற்றை விட்டுச் செல்க. அழைத்துச் செல்லும் நிறுவனத்தாரிடம், சுமைகாரர் பெறும் கூலி எவ்வளவு, அவர் உறங்குமிடம் எது, உண்பது என்ன என்று கேட்க. மலிவான பயணம் வேண்டுமென்று பேரம் பேசுமுன், அம்மலிவு யார் முதுகிலிருந்து கழிக்கப்படுகின்றதென்று எண்ணுக. எல்லாவற்றிற்கும் மேலாக, சுமந்தவர் பெயரைக் கேட்டறிந்து, ஊர் திரும்பிக் கதை சொல்லும்போது அப்பெயரையும் சேர்த்துச் சொல்லுக.

"நான் ஏறினேன்" என்பது பாதி உண்மை. "நாங்கள் ஏறினோம்" என்பதே முழு உண்மை. அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பணம் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை. அதைச் சொல்ல நாக்கு எழாதவன், எத்தனை மலை ஏறினாலும் உயர்ந்தவனாகான்.