முன்னறிவும் கடமையும்

வருங்காலத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மனிதனுடன் பிறந்தது. ஜாதகம், கைரேகை, சகுனம் என்று பல வழிகளில் அவன் நாளையின் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறான். இன்று அந்த ஆவல் மருத்துவ ஆய்வுக்கூடத்தையும் வந்தடைந்திருக்கிறது. சிறிதளவு இரத்தத்திலோ, உடலிலிருந்து எடுத்த ஒரு சதைத் துணுக்கிலோ உள்ள புரதங்களைப் பார்த்து, நோய் எப்படிப் போகும், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை மருத்துவர்கள் ஓரளவு முன்கூட்டியே சொல்கிறார்கள்.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆய்வு அறிக்கை வந்த அன்றே சில கேள்விகளும் வீட்டிற்குள் நுழைந்துவிடுகின்றன. இந்த எண் தலையெழுத்தா? இதை நோயாளியிடம் சொல்லலாமா? உடன்பிறந்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா? தெரிந்துகொண்டுதான் என்ன பயன்? இவற்றுக்கு விடை காண மருத்துவ அறிவுடன் தர்ம சிந்தனையும் தேவைப்படுகிறது.

புரதங்கள் சொல்வது என்ன?

1965ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரு அறிஞர்கள் பெருங்குடல் புற்றுக் கட்டியில் ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். கருவில் வளரும் சிசுவின் குடலில் அது மிகுதியாக இருக்கும். பிறந்த பின் பெரிதும் குறைந்துவிடும். புற்றுநோய் வரும்போது பலருக்கு அது மீண்டும் தலைதூக்குகிறது. 'சி.இ.ஏ.' என்று மருத்துவமனைகளில் வழங்கும் பரிசோதனை இந்தப் புரதத்தையே அளக்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 நானோகிராமுக்குக் குறைவாக இருப்பது பொதுவாக இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே அது மிகவும் உயர்ந்திருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் இயல்பு நிலைக்கு இறங்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறினால், நோய் எங்கோ மீண்டும் முளைத்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். ஆனால் புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் புற்று இல்லாமலே இந்த அளவு சற்று உயர்வதுண்டு. புற்று உள்ள சிலருக்கு உயராமலே இருப்பதும் உண்டு.

இன்னொரு வகை அடையாளமும் இருக்கிறது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதிலுள்ள மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தவர்களுக்குப் பக்கத்தில் பிழைதிருத்துபவர் இருந்ததுபோல், உயிரணுவிலும் அந்தப் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உள்ளன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கும் அவற்றுள் முக்கியமானவை. கட்டியின் துணுக்கில் இவற்றுள் ஏதேனும் காணாமற்போயிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தில் இந்தக் குறை காணப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாளின் பிற்பகுதியில் தாமாக நேர்பவை. மொத்த நோயாளிகளில் நூற்றுக்கு மூவர் அளவில் மட்டும் அது பெற்றோர் வழி வந்த மரபணுக் குறை. இதற்கு 'லிஞ்ச் நோய்க்குறி' என்று பெயர்.

எண் விதியாகுமா?

இத்தகைய முன்னறிவிப்புகள் எல்லாம் பலரைக் கூட்டிப் பார்த்துக் கண்ட கணக்குகள். நூறு பேரில் அறுபது பேருக்கு நோய் திரும்பவில்லை என்று கணக்கு சொல்லுமே தவிர, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் அந்த அறுபதில் ஒருவரா, நாற்பதில் ஒருவரா என்று சொல்லாது. அமெரிக்காவின் பரிணாம அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ஆம் ஆண்டில் வயிற்று உட்சவ்வில் ஓர் அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய் கண்டவர்களில் பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று அக்கால மருத்துவ நூல்கள் கூறின. அப்படியானால் மற்றப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். சிகிச்சையை ஏற்று மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002ஆம் ஆண்டில் வேறொரு புற்றுநோயால் மறைந்தார்.

'எல்லாம் பிராரப்தம்; இனி செய்ய என்ன இருக்கிறது?' என்று சோர்வுடன் சொல்லும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. சாஸ்திரம் காட்டும் பிராரப்தம் அப்படிப்பட்டதன்று. பிராரப்தம் எது என்பதை யாரும் முன்கூட்டிப் பார்த்ததில்லை. செய்ய வேண்டிய முயற்சிகளை எல்லாம் செய்து முடித்த பிறகும் மாறாமல் எது எஞ்சி நிற்கிறதோ, அதையே பிராரப்தம் என்று ஏற்றுக்கொள்ள முடியும். முயற்சிக்கு முன்பே அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது வைராக்கியம் ஆகாது. அது சோம்பலுக்கோ அச்சத்துக்கோ சூட்டிய நல்ல பெயர். யோக வாசிஷ்டத்தில் வசிஷ்டர் இளைய ராமனுக்கு முதலில் வற்புறுத்துவதும் புருஷப் பிரயத்தனத்தையே. நோயாளியிடம் 'இது முன்வினைப் பாவம்' என்று சொல்பவர்கள் அவருடைய துன்பத்தோடு ஒரு பழியையும் சேர்த்துச் சுமத்துகிறார்கள். கர்மக் கொள்கை தன்னைத் திருத்திக்கொள்வதற்காக ஏற்பட்டது. பிறரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அன்று.

ஒரு தையற்பெண்ணின் சொல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் பேராசிரியர் இருந்தார். 1895ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு தையற்பெண், தாம் இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோவோம் என்று கூறினார். அப்போது அவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார். ஆனால் அவருடைய குடும்பத்தில் பலர் குடலிலோ கருப்பையிலோ வந்த புற்றுநோயால் இறந்திருந்தனர். அவர் சொன்னபடியே பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோயால் மறைந்தார்.

வார்தின் அந்தச் சொல்லை அலட்சியம் செய்யவில்லை. அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்வதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். அந்தத் தையற்பெண்ணின் குடும்பத்தில் தலைமுறைதோறும் வந்த குறை, எம்.எஸ்.எச்.2 என்ற பிழைதிருத்தும் புரதத்துக்கான மரபணுவில் இருப்பதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இங்கே சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. 1895இல் அந்தக் குறைக்கு மரணம் என்ற ஒரே பொருள்தான் இருந்தது. இன்று அதே குறைக்குப் பொருள் மாறியிருக்கிறது. பிழைகள் குவிந்த கட்டி உடலின் எதிர்ப்பு ஆற்றலுக்கு அந்நியனாகத் தோன்றுகிறது. அந்த ஆற்றலின் கட்டை அவிழ்த்துவிடும் மருந்துகள் இவ்வகைக் கட்டிகளில் நன்கு வேலை செய்வது 2015ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2022ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வறிக்கையில், பிழைதிருத்தும் புரதம் இல்லாத மலக்குடல் புற்றுநோயாளிகள் பன்னிருவருக்கு ஆறு மாதம் அத்தகைய மருந்து கொடுத்ததில், பன்னிருவரிடமும் கட்டி கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருந்தது. பன்னிருவர் என்பது சிறிய எண்ணிக்கை. நோய் பரவிய நிலையில் எல்லோருக்கும் இந்தப் பலன் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு முன் மரண ஓலையாக இருந்த அடையாளம், இன்று சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டுகிறது. மனித முயற்சியால் பொருள் மாறக்கூடிய ஒன்றை விதி என்று எப்படி அழைப்பது?

உறவினருக்குச் சொல்லும் கடமை

லிஞ்ச் நோய்க்குறி உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் குறை வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். ஆகவே ஒருவருடைய கட்டியில் கண்ட செய்தி அவருக்கு மட்டும் உரியதன்று. பின்லாந்து நாட்டில் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை குடலைக் கருவியால் பரிசோதித்துக்கொண்ட 133 பேரில் எட்டுப் பேருக்குப் புற்றுநோய் வந்தது; அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பரிசோதனை செய்துகொள்ளாத 119 பேரில் பத்தொன்பது பேருக்கு நோய் வந்தது; ஒன்பது பேர் அந்நோயால் இறந்தனர். இந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்று ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

இப்படியிருக்க, 'வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும்', 'தம்பி குடும்பத்தில் வீண் கலக்கம் எதற்கு' என்று மௌனமாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய அச்சத்தில் அன்பும் கலந்திருக்கிறது. அதை எள்ளி நகையாடலாகாது. ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் யாருக்கு அந்தச் செய்தி உயிர் காக்கக்கூடியதோ, அவருக்கு அதை மறைப்பது அஹிம்சைக்கு ஒவ்வாது. அஹிம்சை என்பது கையால் அடிக்காமல் இருப்பதோடு முடிவதன்று. கிணறு இருக்கிறது என்று தெரிந்தும் இருட்டில் நடப்பவனை எச்சரிக்காதவன், அவனைத் தள்ளிவிடாதவன் என்பதால் மட்டும் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான்.

நோயாளியிடம் மறைக்கலாமா?

வீடுகளில் இதைவிடக் கடினமாக எழும் கேள்வி இது. 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்' என்று பிள்ளைகள் கைகூப்பி வேண்டுவதைப் பார்க்காத மருத்துவர் நம் நாட்டில் அரிது. மகாபாரதத்தில் சாவித்திரியும் அப்படித்தான் செய்தாள் என்று ஒருவர் கேட்கலாம். சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று நாரதர் கூறியதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. உண்மைதான். ஆனால் அவள் அந்தச் செய்தியிலிருந்து விலகி ஓடவில்லை. நாட்களை எண்ணினாள், விரதம் காத்தாள், இறுதி நாளன்று காட்டுக்கும் கூடவே சென்றாள். அறிந்ததன் முழுச் சுமையையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டாள். மேலும், அந்தச் செய்தியைக் கொண்டு சத்தியவான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. நோயாளியின் நிலை அதுவன்று. அறுவை சிகிச்சைக்கு இசைவதா, வயிற்றில் வழியமைத்து மலத்தை வெளியேற்ற ஒப்புவதா, கீமோதெரபியைத் தாங்கிக்கொள்வதா, கொடுக்கல் வாங்கலை எப்படி முடிப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே. அவர் உடலைப் பற்றிய உண்மையை அவரைத் தவிர மற்ற எல்லோரும் அறிந்திருப்பது நியாயமாகாது.

அதே மகாபாரதத்தில் சமீக முனிவரின் நிகழ்ச்சியும் வருகிறது. ஏழு நாளில் தட்சகன் தீண்டி மடிவாய் என்று தம் மகன் பரீட்சித்து மன்னனைச் சபித்துவிட்டதை அறிந்து முனிவர் வருந்தினார். உடனே தம் சீடனை அனுப்பி மன்னனுக்கு அதைத் தெரிவித்தார். சாபத்தை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. ஆனால் ஏழு நாட்களையும் மன்னன் அறிந்து வாழும்படி செய்ய முடிந்தது. சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே முதலில் கேட்க வேண்டும். அவர் கேட்ட அளவுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பின் எழுந்து போய்விடாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

அறிந்து செய்வது என்ன?

அறிவு தானாகவே ஆயுளை நீட்டிவிடும் என்று எண்ணுவதும் பிழை. பிரிட்டனில் 39 மருத்துவமனைகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சி.இ.ஏ. அளவை அடிக்கடி பார்த்து வந்தவர்களிடம், திரும்பி வந்த நோயைக் குணப்படுத்தும் நோக்குடன் அறுவை செய்ய முடிந்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு. குறைந்த அளவே கண்காணிக்கப்பட்டவர்களிடம் ஏறத்தாழ இரண்டு பேருக்கு. ஆனால் இரு தரப்பினரின் ஆயுளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பரிசோதனைக்குப் பரிசோதனை அந்த எண்ணையே தியானித்துக்கொண்டு வாழ்பவர், இருக்கும் நாட்களையும் இழக்கிறார்.

பரீட்சித்தின் கதை இதற்கு நல்ல பாடம். மகாபாரதத்தில் அவன் ஒற்றைத் தூண் மேல் மாளிகை கட்டி, வைத்தியர்களையும் மந்திரம் அறிந்தவர்களையும் காவலுக்கு வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். தட்சகன் பழத்திலுள்ள புழுவாக வந்துசேர்கிறான். ஸ்ரீமத் பாகவதத்தில் அவன் கங்கைக் கரையில் அமர்ந்து சுகரிடம் ஞானக் கதைகளைக் கேட்கிறான். இரண்டிலும் கிடைத்த செய்தி ஒன்றே. இருந்த நாட்களும் ஏழே. மாளிகை கட்டியதைக் குறை கூறுவதற்கில்லை. உடலைக் காப்பதும் கடமையே. ஆனால் அதற்குள் அச்சத்துடன் ஒடுங்கிக் கிடப்பதோடு அந்த நாட்கள் முடிந்துவிட வேண்டியதில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டையில் வந்த புற்றுநோயுடன் 1885 டிசம்பரில் காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கு வந்தார். 1886 ஆகஸ்டு 16 அன்று மகாசமாதி அடைந்தார். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் முதலியோரின் சிகிச்சையை அவர் மறுக்கவில்லை. அந்த எட்டு மாதங்களில்தான் நரேந்திரர் முதலிய இளைஞர்கள் சேவையால் ஒன்றுபட்டு ஒரு சங்கமாக உருப்பெற்றார்கள். மருந்தும் நடந்தது; மருந்தால் முடியாத பணியும் நடந்தது.

ஆய்வு அறிக்கை கையில் வந்தவர்களுக்கும் இந்த இரண்டும் உண்டு. அது காட்டும் சிகிச்சையைக் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்வது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இரத்த உறவினருக்கு எழுதுவது, நோயாளியிடம் பொய் சொல்லாமல் உடனிருப்பது ஆகியவை முதற்கடமைகள். நெடுநாள் பேசாதிருந்த அண்ணனுடன் பேசுவது, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஜபத்தைத் தொடங்குவது ஆகியவற்றுக்கு எந்த அறிக்கையும் தேவையில்லை. நல்ல உடல்நலத்துடன் இருப்பவருக்கும் ஆயுளின் கணக்கு கையில் கொடுக்கப்படவில்லை. அவர் அந்தக் கடமைகளை இன்று மாலையே தொடங்கலாம்.